ஒவ்வொரு போனிலும் ஒரு தேதி

இது நடந்தது. கதை கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, இந்த விஷயத்தில் விளையாட மனசும் இல்லை. ரூபேந்திரன் உயிரோடுதான் இருக்கிறான், மலேசியாவில் ஸ்கூடாயில்தான் இருக்கிறான். வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம் நேரத்தை நிமிடம் தவறாமல் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பது அவன் பழக்கம். கீழே வரும் நேரங்களில் பாதி அந்தப் புத்தகத்தில் இருப்பவை. மீதி அவன் மனதில் பதிந்துபோனவை. நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் படித்து முடித்த கையோடு உங்கள் போனில் மணி பார்க்கத் தோன்றினால் என்னைத் திட்டாதீர்கள்.

ரூபேந்திரனுக்கு வயது முப்பத்தாறு. வீடுகளுக்கு இணைய வயர் இழுக்கும் குத்தகை வேலையில் பத்து வருடம் இருந்தவன். இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு வீட்டு வைஃபை பழுது பார்க்கிறான். பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். “லைன்ல பேய் இல்லைங்க, எலிதான் இருக்கு” என்பான். பாதி வீடுகளில் அது உண்மையும்கூட. நல்ல மனிதன். ஒரே ஒரு குறை, பயந்துவிட்டால் பயந்துவிட்டேன் என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டான். அந்தக் குறைதான் அவன் குடியைக் கெடுத்தது.

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3:10.

ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகளில் நடு வீடு. கூப்பிட்டிருந்தவள் பிரவீனா என்ற பெண், இருபத்தாறு வயது. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் லோரிகளுக்கு நேரம் போட்டுக் கொடுக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். வீட்டில் அவளும் அப்பா சபாபதியும் மட்டும். அம்மா தனலெட்சுமி இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஹாலில் மாலை போட்ட படம், முன்னால் சின்ன விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு போன், சார்ஜரில் செருகியபடி இருந்தது.

“மூணு நாளாண்ணே. வெளிய போனா எல்லாம் ஓடுது. வீட்டுக்குள்ள வந்தா ஒரு வெப்சைட் தொறக்க மாட்டுது” என்றாள் பிரவீனா.

“எனக்குப் பாதி வருது தம்பி” என்றார் சபாபதி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். “போன்ல ஒரு பேப்பர் வருது. இன்னொரு பேப்பர் வர மாட்டுதுலா.”

ரூபேந்திரனுக்கு ஒரு முறை உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தன் போனை அந்த வீட்டு வைஃபையில் சேர்ப்பான். தன் போனில் ஓடினால் லைன் நல்லது, கோளாறு வீட்டுக்காரர் சாமானில். ஓடாவிட்டால் கோளாறு லைனில். அப்படித்தான் அன்றும் சேர்த்தான். செய்தி, வங்கி, வீடியோ, எல்லாமே நொடியில் திறந்தன. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரவீனாவின் போனை வாங்கிப் பார்த்தான்.

தேதி தப்பாக இருந்தது.

9 மார்ச் 2058. மதியம் 1:05.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. ரோட் டேக்ஸ் மாதிரிதான். போன் தன் தேதியை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கும். போனின் தேதி 2058 என்றால் உலகத்தில் இருக்கும் எல்லாச் சான்றிதழும் காலாவதி. ஒன்றுகூடத் திறக்காது. “இவ்ளோதாம்மா விஷயம்” என்று சொல்லித் தேதியைச் சரியாக வைத்துக் கொடுத்தான். பக்கம் திறந்தது. பிரவீனா முகம் மலர்ந்தது.

பத்து நொடி. பக்கம் போய்விட்டது.

9 மார்ச் 2058. மதியம் 1:05.

அவளுடைய லேப்டாப்பிலும் அதே தேதி, அதே நேரம். நகரவும் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான், 1:05 என்பது 1:06 ஆகவே இல்லை. கடிகாரம் ஓடாமல் போன் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துக்கொண்டே சபாபதியின் போனை வாங்கினான். அதில் வேறு தேதி. 27 நவம்பர். இந்த வருடம்தான். காலை 6:18. இருபத்துமூன்று நாள் தள்ளி. அதனால்தான் அவருக்குப் பாதி வந்தது, பாதி வரவில்லை. இருபத்துமூன்று நாளுக்குள் காலாவதியாகும் சான்றிதழ்கள் மட்டும் அவர் போனில் செத்துப்போயிருந்தன.

ஒரே வீடு, ஒரே வைஃபை. ஆளுக்கொரு தேதி. பத்து வருடத்தில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

“மணி எங்கிருந்து வருதுன்னு பாப்போம்” என்று ரூட்டர் பக்கம் போனான். மணி 3:58.

ரூட்டர் ஹால் மூலையில் ஒரு சின்ன மேசையில் இருந்தது. பின்னால் லைன் வயர் தவிர நான்கு துளைகள். மூன்று காலி. நான்காவதில் சாம்பல் நிற வயர் ஒன்று செருகியிருந்தது. அந்தத் துளைக்குரிய பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மறுமுனையில் ஏதாவது ஒரு கருவி செருகியிருந்தால் மட்டுமே எரியும் விளக்கு அது.

“இந்த வயரு எங்கம்மா போகுது?”

“அம்மா ரூமுக்கு. படுத்த படுக்கையா இருந்தப்ப டிவிக்காக இழுத்தோம். ஆனா டிவிய எடுத்தாச்சேண்ணே. அங்க இப்ப ஒண்ணும் இல்ல.”

அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தான். வெறும் மெத்தை போட்ட கட்டில். ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றாடி ஓடவில்லை. சாம்பல் வயர் சுவர் ஓரமாக வந்து, கட்டிலின் தலைமாட்டில் முடிந்திருந்தது. முனை எதிலும் செருகப்படாமல் தொங்கியது. படுத்திருப்பவர் கை நீட்டினால் எட்டும் உயரத்தில்.

ஆடிக்கொண்டிருந்தது.

மெதுவாக... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... யாரோ இப்போதுதான் கையை விட்டதுபோல.

ரூபேந்திரன் அதைப் பிடித்து நிறுத்தினான். முனை வெதுவெதுப்பாக இருந்தது. கையில் வெகுநேரம் வைத்திருந்த சாமானில் இருக்குமே, அந்தச் சூடு. எலி என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் வயரை விட்டுவிட்டான்.

ஹாலுக்கு வந்து, ரூட்டரிலிருந்து அந்த வயரைப் பிடுங்கினான். 4:12.

விளக்கு அணையவில்லை.

வயர் அவன் கையில் இருந்தது. துளை காலியாக இருந்தது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது. அவன் குறிப்புப் புத்தகத்தில் அந்த இடத்தில் எழுத்து கோணியிருக்கிறது. நான் பார்த்தேன்.

“அம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

“புற்றுநோய்ண்ணே. கடைசி மூணு மாசம் ஒரே கேள்விதான். மணி என்ன, மணி என்ன. ராத்திரி பகல் இல்லாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சொல்லுவோம். அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் கேப்பாங்க.” பிரவீனா படத்தைப் பார்த்தாள். “விளக்குக்கிட்ட இருக்கிறது அவங்க போன். அவங்களுக்குன்னு அப்பா புதுசா வாங்கிக் குடுத்தது. சிம் செத்துப் போவாம ரீலோட் பண்ணிக்கிட்டே இருக்காரு. தினம் ஒரு தடவ அதுக்கு போன் அடிப்பாரு. சத்தம் கேக்கணுமாம்.”

“அதுவும் வைஃபையிலயா இருக்கு?”

“இருக்கும். யாரும் எடுத்ததில்ல.”

அவள்தான் போய் எடுத்தாள். திரையைத் தட்டினாள். தட்டியவள் அப்படியே நின்றாள்.

“என்னம்மா?”

ரூபேந்திரன் எட்டிப் பார்த்தான். 11 ஆகஸ்ட் 2023. காலை 4:47.

“அது அம்மா போன நாளு” என்றாள்.

“சரி... பழைய போனு... அப்படியே நின்னு போயிருக்கும்...”

“இல்லண்ணே. சர்டிபிகேட்ல அஞ்சரைன்னு இருக்கு. டாக்டர் வந்த நேரம். அப்பாவுக்கும் அஞ்சரைதான் தெரியும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் பக்கத்துல இருந்தேன். மூச்சு நின்னப்ப மணியப் பாத்தேன். நாப்பது நிமிஷம் யாரையும் கூப்பிடாம கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலு நாப்பத்தேழு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னைக்கு வரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

ஹாலில் தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் சபாபதியைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார். மேசையில் அவர் போன். 27 நவம்பர், காலை 6:18.

“இருக்காதுண்ணே” என்றாள் பிரவீனா. “சொல்லுங்கண்ணே. இருக்காதுன்னு சொல்லுங்க.”

“இருக்காதும்மா. கோளாறுதான்.”

“எனக்கு மட்டும் 2058...” என்று முணுமுணுத்தவள், சொன்னதற்கே வெட்கப்பட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறையில் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது.

ரூபேந்திரன் சுவர் சுவிட்சைத் தட்டி ரூட்டரையே அணைத்தான். எல்லா விளக்கும் போய்விட்டது. நான்காவது மட்டும் எரிந்தது. கரண்ட் இல்லாத பெட்டியில்... விட்டு... விட்டு...

போதும் என்று ஆகிவிட்டது அவனுக்கு. சாமான்களை அள்ளிப் பையில் போட்டான். வேலை முடித்த நேரத்தை எழுதப் போனை எடுத்தான்.

தேதி 4 நவம்பர். இன்றைய தேதி. ஒரு நொடி உயிர் வந்தது. தன் போனில் கோளாறே இல்லை. அதனால்தானே எல்லாம் திறந்தது.

பிறகு நேரத்தைப் பார்த்தான்.

இரவு 7:52.

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 4:31.

“அண்ணே...” பிரவீனாவும் பார்த்துவிட்டாள்.

நேரத்தைத் திருத்தினான். பத்து நொடி எண்ணினான்.

7:52.

மறுபடி திருத்தினான்.

7:52.

அவன் என்ன சொல்லிவிட்டு அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. வேனில் உட்கார்ந்தபோது போன் சரியான நேரத்தைக் காட்டியது. 4:36. கோளாறுதான், எல்லாம் கோளாறுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் நாலு நாற்பத்தேழு? அந்தப் பெண் யாரிடமும் சொல்லாத நாலு நாற்பத்தேழு?

சாவி கையில் இருந்தது. வண்டியைக் கிளப்பவில்லை. வேலை முடிந்து வரும் வண்டிகளால் ஸ்கூடாய் சாலை நிரம்பி வழியும் நேரம். மூன்று மணி நேரத்தில் சாகப் போகிற மனிதன் எப்படிச் சாவான்? ரோட்டில்தான் சாவான். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. ஆகவே ரோட்டில் போகவே கூடாது. வேனைப் பூட்டினான். நடந்தான்.

தாமான் கடைத்தெருவில் ஒரு கிளினிக் ஒன்பது மணிவரை திறந்திருக்கும். நெஞ்சு நின்றாலும் பக்கத்தில் டாக்டர் இருப்பார் என்று கணக்குப் போட்டு உள்ளே போனான். நீங்கள் சிரிக்கலாம். அவன் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் அதிகம், மற்றபடி ஒன்றும் இல்லை என்றார். ரூபேந்திரன் வெளியே வந்து, காத்திருப்போர் நாற்காலியில் சுவரை ஒட்டி உட்கார்ந்தான். தலைக்கு மேல் காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்தான். ஓடியது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

6:05. அவன் மனைவி ஷாந்தினி அழைத்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

“எங்க இருக்கீங்க? மழை வரப் போகுது.”

“ஜாம்லா. லேட் ஆகும்.”

“சாப்பாடு எடுத்து வைக்கவா?”

“வை.”

அவ்வளவுதான் பேசினான். சொல்லியிருக்கலாம். அவள் இரண்டு திட்டு திட்டி, “பைத்தியமா உங்களுக்கு” என்று கேட்டு, அவன் மனதை ஒரு நிலைக்குக் கொண்டுவந்திருப்பாள். சொல்லவில்லை. பயம் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

6:40. மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவே தெரியவில்லை.

7:05. நோயாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். பதிவு மேசையில் ஒரு மலாய்ப் பெண் மட்டும்.

7:20. இன்னும் முப்பத்திரண்டு நிமிடம்.

அவனால் அதற்கு மேல் தனியாக இருக்க முடியவில்லை. சாவதாக இருந்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று ஒரே ஓர் எண்ணம்தான் தலைக்குள் நின்றது. வேறு எதையும் யோசிக்கவில்லை. அவளை அழைத்தான்.

“ஷாந்தினி, கொஞ்சம் வர்றியா?”

“எங்க?”

“காலையில சொன்ன வீட்டுக்கு வேலைக்கு வந்தேன்ல, அந்தக் கடைத்தெரு கிளினிக்கு.”

“கிளினிக்கா! அலமாக், ஐயோ... என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. நீ வாயேன். சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்.”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். இரண்டு பக்கமும்.

“வரேன். மோட்டார்சைக்கிள எடுத்துட்டு வரேன். நீங்க வேன எடுக்காதீங்க. அங்கேயே இருங்க.”

7:24.

வரட்டும். வந்துவிட்டால் போதும்.

7:38. எழுந்து கதவருகே போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

7:45. நெஞ்சு படபடவென்று அடித்தது. இதுதானா... இப்படித்தான் தொடங்குமா...

“என்சிக், ஓகே கே?” என்று மலாயில் நலம் கேட்டாள் மேசைப் பெண்.

தலையை ஆட்டினான்.

7:49. விரல் நுனி மரத்தது.

7:50.

7:51. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்... சுற்றியது...

7:52.

மூச்சை இழுத்துப் பிடித்தான்.

டிக்.

டிக்.

டிக்...

...

7:53.

அவன் உயிரோடு இருந்தான்.

கையைப் பார்த்தான். அசைந்தது. வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு அழுகையாக மாறியது. மேசைப் பெண் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட எழுந்தாள். வேண்டாம் என்று கை காட்டினான். ஷாந்தினி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவள் ஒரு வருடத்துக்கு இதைச் சொல்லியே கிண்டல் செய்வாள், செய்யட்டும் என்று நினைத்துக்கொண்டான். அவளுக்கு அழைத்தான்.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

மோட்டாரில் இருப்பாள்.

7:58. எடுக்கவில்லை.

8:03. எடுக்கவில்லை.

8:09. அவளுடைய நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு மலாய்க்காரர். பின்னால் மழையும் வண்டிச் சத்தமும் கேட்டன. இந்த போனில் கடைசியாகப் பேசியது உங்களிடம்தான், அதனால் அழைக்கிறேன், சந்திப்பில் லோரி மோதிவிட்டது, நீங்கள் யார் என்று கேட்டார். ரூபேந்திரன் கணவன் என்றான். பிறகு அந்த மனிதர், பாவம், மெதுவாகச் சொன்னார்.

போலீஸ் தாளில் நேரம் எழுதியிருந்தது. நான் எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 11. எட்டாம் நாள் படையல் முடிந்து உறவினர் எல்லாம் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மாலை 5:30. பிரவீனா வந்தாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அவனுக்கு எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்க போன்ல 7:52ன்னு காட்டுச்சு. ஆனா உங்களுக்கு ஒண்ணும் ஆகலயில்ல? அப்ப அப்பாவுக்கும் ஒண்ணும் ஆகாதுதானே?”

ஷாந்தினி எத்தனை மணிக்குப் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. ரூபேந்திரன் சொல்லவில்லை. அவன் மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சொந்த போன் ஒரு வருடத்துக்கு முன் மழைச் சாக்கடையில் விழுந்து போயிற்று. அப்போது ஷாந்தினி தான் வைத்திருந்ததை அவனிடம் கொடுத்துவிட்டுத் தனக்குப் புதிது வாங்கிக்கொண்டாள். அவன் கையில் இருந்தது அவள் போன். ஆசையாகக் கடைக்குப் போய் அவளே வாங்கியது. அதை வைஃபையில் சேர்த்தது அவன் கை. நேரம் மட்டும் அவளுடையது.

ஏழு நாளும் அவன் தூங்கவில்லை என்றால் இதை நினைத்துத்தான். அவன் அந்த நேரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவள் சாப்பாடு எடுத்து வைத்திருப்பாள்.

“ஆனாலும் மனசு கேக்கலண்ணே” என்று பிரவீனா தொடர்ந்தாள். “அம்மா போனதுல இருந்து அப்பா தினம் காலையில ஆறு மணிக்கு மோட்டார எடுத்துட்டுக் கோயிலுக்குப் போய் விளக்கு வச்சிட்டு வருவாரு. ஒரு நாளும் விட்டதில்ல. 27ஆம் தேதி மட்டும் அவர வெளிய விடப் போறதில்ல. சாவிய ஒளிச்சு வச்சிடுவேன். அவருக்குப் பதிலா நானே போய் விளக்கு வச்சிடுறேன்.”

ரூபேந்திரன் நிமிர்ந்தான்.

“அப்பா போன் முதல்ல யாரோடதும்மா?”

“அதா? அது என்னோட பழசுண்ணே. முதல் சம்பளத்துல வாங்குனது. எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான், நான் வச்சிருந்தது அப்பாவுக்குப் போகும்.”

“இப்ப நீ வச்சிருக்கிறது?”

“இது கம்பெனி குடுத்தது. லேப்டாப்பும்தான். எனக்கு முன்னாடி வேலை செஞ்சவங்களோடது. ஏண்ணே?”

27 நவம்பர், காலை 6:18 அப்பாவுடைய நேரம் இல்லை. சொன்னால் என்ன செய்வாள்? வீட்டில் பூட்டிக்கொண்டு இருப்பாளா? ஒரு கிளினிக்கில் போய் உட்காருவாளா? தெரிந்துகொண்டு அவன் செய்தது என்ன? சொன்னால்தான் அது நடக்குமோ... சொல்லாவிட்டால்தான் நடக்குமோ... அவனுக்குத் தெரியவில்லை.

“சும்மா கேட்டேன்” என்றான்.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பிரவீனா ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. அந்தச் சாக்கை அவன் பிடித்துக்கொண்டான். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. காலை 10:15. அதே தாமானில், அதே வீட்டு வாசலில். ஆஸ்பத்திரியிலிருந்து பிரவீனாவைக் கொண்டுவரும் வண்டிக்காக எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். சபாபதி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் மோட்டார் சாவியை எதற்காக ஒளித்துவைத்தாள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.